சத்தத்தைக் குறைத்த அன்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்கு மட்டும் நாலு நாள் காய்ச்சல்; இப்போது சரியாகிவிட்டது.

அந்த நாலு நாளில் ஒன்று நடந்தது. பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்த்துக்கொண்டே என் மடியில் தூங்கிப்போனான். விழித்துவிடுவானோ என்று டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். முயல் ஓடுகிறது, வேட்டைக்காரன் விழுகிறான், எனக்குச் சிரிப்பே வரவில்லை. மறுநாள் அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து சத்தம் மட்டும் வந்தது. வயலின் தந்தியை ஒவ்வொன்றாகச் சுண்டுகிறார்கள். யாரோ பூனைநடை போடுகிறான். சட்டென்று நின்றது, மாட்டிக்கொண்டான். பார்க்காமலே புரிந்தது. இது யார் வேலை என்று தேடினேன். இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங்.

1891இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தச்சர். அவர் பழுதுபார்த்துக் கொடுத்த பொம்மைப் பியானோதான் முதல் வாத்தியம். வளர்ந்ததும் கான்சாஸ் சிட்டியில் ஐசிஸ் தியேட்டரில் ஊமைப்படங்களுக்கு ஆர்கன் வாசித்தார். அதைப் படித்ததும் நம் பள்ளி நாடகம் ஞாபகம் வந்தது. நீ ஹார்மோனியக் கட்டையைப் பார்க்கவே மாட்டாய், கண் மேடையிலேயே இருக்கும். அவருக்கும் அப்படித்தான், கண் திரையில். அங்கே படிந்த பழக்கம் கடைசிவரை போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வால்ட் டிஸ்னி கான்சாஸ் சிட்டியிலேயே பழக்கம். 1928இல், ஊமையாக எடுத்து வைத்திருந்த இரண்டு மிக்கி மவுஸ் படங்களுக்கு இவரைத்தான் இசையமைக்கச் சொன்னார். அப்புறம் படத்துக்கு இசையா, இசைக்குப் படமா என்று இருவருக்கும் வாக்குவாதம். மிக்கி படங்களில் இசை பின்னால் வரட்டும், இன்னொரு வரிசையில் இசை முன்னால் போகட்டும் என்று முடிவானது. அந்த வரிசையின் முதல் படம், 1929இல் வந்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’. ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பைச் சைலபோன் மாதிரி தட்டி வாசிக்கும். கட்டாயம் பார்.

தாளம் பிசகாமல் இருக்க வழி, கணக்கு. விநாடிக்கு 24 படச்சட்டம். 12 சட்டத்துக்கு ஒரு தட்டு என்றால் விநாடிக்கு இரண்டு தட்டு; 8 என்றால் மூன்று. அந்த ‘டிக் டிக்’கைக் காதில் கேட்டபடி வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். அந்த முறையை முதலில் கையாண்டவர்களில் இவர் ஒருவர்.

1930இல் டிஸ்னியை விட்டார். 1936 முதல் 1958 வரை, பக்ஸ் பன்னியை எடுத்த வார்னர் நிறுவனத்தின் கார்ட்டூன்கள்தான். ஆறேழு நிமிடப் படம், ஏறக்குறைய வாரம் ஒன்று! வாசிக்க ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. வார்னருக்கு உரிமையுள்ள பாட்டு எதையும் எடுத்துக்கொள்ளலாம். யாராவது சாப்பிட உட்கார்ந்தால் காபியும் சாண்ட்விச்சும் பற்றிய பழைய பாட்டின் மெட்டு வந்துவிடும். இயந்திரங்கள் ஓடும் காட்சிகளில் வருவது ரேமண்ட் ஸ்காட் என்ற இசையமைப்பாளரின் ‘பவர்ஹவுஸ்’ மெட்டு. ஸ்காட் அதைக் கார்ட்டூனுக்காக எழுதவே இல்லை. இரண்டு நொடி ஒரு மெட்டு, மூன்று நொடி வேறொன்று, நடுவே ஒரு தடால். ஆனாலும் ஒட்டுத்துணி மாதிரி தெரியாது, ஒரே நெசவாக இருக்கும். அதுதான் என்னை வியக்க வைக்கிறது.

1972இல் காலமானார். 1990இல் அவர் இசையை மட்டும் தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்கிறேன். எங்கே ஓடுகிறார்கள், எங்கே ஒளிகிறார்கள் என்று எல்லாம் தெரிகிறது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? ஹார்மோனியத்தையும் கொண்டுவா. டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறேன், நீ படத்தைப் பார்த்து வாசி. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்