கோயில் குளம், வரத்துக் கால்வாய்த் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும், உபயதாரர்களுக்கும், மேலூர், கீழூர் என நாம் வழக்கமாகச் சொல்லும் இரு ஊராட்சிகளின் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள நம் கோயில் குளத்தையும், ஏரியிலிருந்து அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயையும் சீரமைக்க எடுத்துக்கொண்ட பணி நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கு ரசீது எண்களோடு தனித்தாளாக இணைக்கப்பட்டிருப்பதுடன், இரண்டு ஊராட்சி அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டுள்ளது. ஆகவே தொகைகளை மறுபடி எழுதாமல், எந்தப் பணம் எந்த வேலைக்கு ஏன் போயிற்று என்பதையும், இரு ஊராட்சிகளும் சேர்ந்து எடுத்த முடிவுகளையும் மட்டும் இங்கே தெரிவிக்கிறோம்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில், ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் ஏரி நிரம்பிக் கோடி வழியே வழிந்தது. கீழூர் வயல்களில் நெல் சாய்ந்து அழுகியது. ஆனால், அத்தனை வெள்ளத்திலும் கோயில் குளத்துக்கு வந்து சேர்ந்தது அடிப்படியை நனைக்கும் அளவு சேற்றுநீர்தான். பழுது குளத்தில் இல்லை, கால்வாயில் இருக்கிறது என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

ஆயினும் நன்கொடை அறிவித்த பலருடைய மனமும் படிக்கட்டிலும் சுற்றுக் கம்பிவேலியிலுமே இருந்தது. அதில் வியப்பு இல்லை. படிக்கட்டில் உபயதாரர் பெயரைப் பொறிக்கலாம், புதர் மண்டிய கால்வாயில் யார் பெயரைப் பொறிப்பது? நீர் வராத குளத்துக்குப் படிக்கட்டு கட்டுவதில் பொருளில்லை என்று குழு முடிவு செய்து, படிக்கட்டுக்கென்று தரப்பட்ட தொகையைக் கால்வாய்க்கு மாற்ற உபயதாரர்களிடம் தனித்தனியே எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றது. ஒப்புதல் தராத இருவரின் தொகை அப்படியே திருப்பித் தரப்பட்டது.

அடுத்த சிக்கல், எது யாருக்கு உரியது என்பது. குளம் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயிலுக்குச் சொந்தம். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் அது நீர்வளத் துறையிடம் இல்லை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. கால்வாயோ மேலூரில் தொடங்கிக் கீழூரில் முடிகிறது. முன்பு இரு ஊராட்சித் தலைவர்களும் வாய்மொழியாகப் பேசி வைத்திருந்த ஏற்பாடு, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்களுடைய பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றதும் மதிப்பிழந்தது. தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சை எந்த அலுவலரும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது; அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. எனவே மே 1 கிராம சபையில் இரு ஊராட்சிகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டு, அதன் நகல்கள் ஒன்றிய அலுவலகத்துக்கும் கோயில் செயல் அலுவலருக்கும் அளிக்கப்பட்டன.

நிதி மூன்று வழிகளில் வந்தது. சாலைக்கு அடியில் கால்வாய் கடக்கும் சிறுபாலம், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்தி, நமக்கு நாமே திட்டத்தில் கட்டப்பட்டது. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. குடிநீர்ப் பகுதியில் மழைநீர் சேகரிப்பும் அடங்குவதால், வண்டல் தேங்கும் தொட்டிகள் இரண்டும் அதிலிருந்து அமைக்கப்பட்டன. எஞ்சிய வேலைகள் உபயதாரர் பணத்தில் நடந்தன. குளத்து வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளே கட்டணமின்றி எடுத்துச் சென்றதால், தூர்வாரும் செலவு பெருமளவு மிச்சமாயிற்று.

சிறுபாலம் இருக்கும் இடத்தில் முன்பு இரண்டடிச் சிமெண்ட் குழாய் ஒன்று புதைந்திருந்தது. பொக்லைன் அதைத் தூக்கி வைத்தபோது, குறுக்கே ஒரு டிராக்டர் டயர் செருகிக்கொண்டு, அதன்மேல் கோணிப்பையும் தேங்காய் மட்டையும் பாலித்தீன் பைகளும் படிந்து, மேலே ஒரு சாண் இடைவெளி தவிர முழுதும் மண் இறுகியிருந்ததைக் கூடியிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அதுவரை கால்வாய்க்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கிராம சபையில் எழுந்த இன்னொரு கேள்வியும் நியாயமானதே. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வீட்டுக்குத் தண்ணீர் வரும்போது குளம் எதற்கு என்றார்கள். அந்தத் திட்டத்தின் நீர், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடுக்கு மாற்றாகக் குடிப்பதற்குத் தரப்படுவது. மாட்டுக்கும் மாந்தோப்புக்கும் அதை எதிர்பார்க்க முடியாது. குளம் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு அதனால் போய்விடும் என்று குழு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. குடிக்க ஒகேனக்கல் நீரையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.

நீர்ப் பங்கீடுதான் கடைசி வரை இழுபறியாக இருந்தது. குளத்துக்குத் தண்ணீர் திரும்பினால் தங்கள் வயலுக்குக் குறையும் என்று கீழூரார் அஞ்சினர். கால்வாய் வயலுக்கும் குளத்துக்குமாகப் பிரியும் இடத்தில் இரும்பு ஷட்டர் வைக்கலாம் என்பது முதல் யோசனை. அதன் சாவி எந்த ஊரில் இருப்பது என்பதில் பேச்சு ஒவ்வொரு முறையும் முறிந்தது. இறுதியில் ஷட்டரே வேண்டாம் என்று, குளத்துக் கிளையின் வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டப்பட்டது. அதற்குக் கீழே ஓடும் நீர் முழுதும் வயலுக்கு. அதைத் தாண்டி வழியும் நீர் மட்டுமே குளத்துக்கு. திறக்கவும் மூடவும் ஆள் தேவையில்லை. சுவரின் உயரத்தை இரு கிராம சபைகளின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது என்பது தீர்மானத்திலேயே உள்ளது.

வடகரைப் படிக்கட்டும் கம்பிவேலியும் இத்திருப்பணியில் செய்யப்படவில்லை. மீதித் தொகை இரு ஊராட்சிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஐப்பசி பிறப்பதற்கு முன் வண்டல் தொட்டிகளைத் துப்புரவு செய்யும் கூலி அதிலிருந்து தரப்படும். மேலூர் ஒரு பங்கும், வயல் அதிகமுள்ள கீழூர் இரண்டு பங்குமாக ஆண்டுச் செலவை ஈடுகட்டும். கணக்கில் ஐயமுள்ளவர்கள் கோயில் அலுவலகத்தில் உள்ள ரசீதுக் கட்டுகளை வேலை நாட்களில் பார்வையிடலாம். எழுத்துமூலம் தரப்படும் கேள்விகள் அடுத்த பொதுக்குழுவில் கணக்கை ஒப்புதலுக்கு வைக்கும்போது பதிலோடு படிக்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்