கால் வலியைத் தள்ளிப்போடாதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, ரெண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். இதற்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா என்றும் கேட்டிருந்தாய். படித்ததும் பகீரென்றது. என் தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அவனுக்கு வந்தது பர்கர் நோய். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இளவயதிலேயே கை, கால் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். விரல் கறுத்துப் புண்ணான பிறகு, ராத்திரி முழுக்கக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவான். தொங்கவிட்டால் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி மட்டுப்படும். பாதம் வரை சின்னக் குழாய்களே அடைத்திருந்ததால் பைபாஸுக்கும் வழியில்லை, ஸ்டென்ட்டுக்கும் வழியில்லை என்றார்கள்.

நீ கேட்ட ஸ்டெம் செல் ஊசியை, அதாவது வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள் கொண்ட ஊசியை, அதற்கப்புறம்தான் போட்டார்கள். பெங்களூரு ஸ்டெம்பியூடிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்பியூசெல் என்ற மருந்து அது. பர்கர் நோய்க்கு 2016-லேயே வரம்புக்கு உட்பட்ட அனுமதி கிடைத்தது. 2020-இல் கொழுப்பு படிந்து கால் குழாய் அடைத்தவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். தானம் தந்தவர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் என்று கணக்குப் போட்டு, கெண்டைக்கால் தசையில் பல இடங்களில் குத்தினார்கள். அந்தச் செல்களே குழாயாக மாறுவதில்லையாம். அவை சுரப்பவைதான் புதுச் சிறு குழாய்கள் முளைக்கத் தூண்டுகின்றன.

சில மாதங்களில் தம்பி காலை நீட்டிப் படுத்துத் தூங்கினான். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். புண் மெதுவாகத்தான் ஆறுகிறது. பீடியை அறவே விட்டதும் பெரிய காரணம். விடாவிட்டால் எந்த ஊசியும் பலன் தராது.

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை, முருகேசா. ஜப்பானில் இதே கால் அடைப்புக்கு 2019-இல் நிபந்தனையோடு அனுமதித்த மரபணு ஊசியை, பலன் மறுபடி நிரூபணமாகாததால் 2024-இல் திரும்பப் பெற்றார்கள். அதனால் மூட்டுவலி, சர்க்கரை, கால் அடைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் என்று சொல்லும் கிளினிக் பக்கம் போகாதே.

உனக்கு இப்போது இந்த ஊசி தேவையே இல்லை. ரத்தக்குழாய் டாக்டரிடம் போ. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து, வருவது 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரை, தினமும் நடை, சர்க்கரைக் கட்டுப்பாடு, இவற்றிலேயே நிறையப் பேர் சமாளிக்கிறார்கள். சிகரெட்டை இன்றைக்கே நிறுத்து.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நான் வருகிறேன். ரிப்போர்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
சேகர்