தம்பிக்கு

தம்பி,

சாப்பிட்டியா? மூணு ஞாயிறா உன் போன் வரல, வேலை இருக்கும்னு நானே சொல்லிக்கிறேன். அப்பாதான் காலைல ஏழு மணிக்கு வாட்ஸ்அப் பார்த்துட்டு "இப்பதான் ஆன்லைன்ல இருந்திருக்கான், அங்க ராத்திரி ரெண்டரை"ன்னு சொல்லிட்டு பேப்பரை விரிச்சுக்கிட்டார். நான் ஒண்ணும் கேட்கல. அந்தப் பொண்ணு விஷயமும் கேட்கல. ஸ்வெட்டர் போட்டுக்கோ, வேளைக்கு சாப்பிடு.

ஆடில வந்தப்போ விட்டுட்டுப் போனியே தீசிஸ், டிக்‌ஷனரியை வச்சுக்கிட்டு படிச்சு முடிச்சிட்டேன். முப்பது வருஷம் விலங்கியல் எடுத்திருக்கேன், இன்டர்ஃபெரான்னா, அதான் வைரஸ் புகுந்த செல் மத்த செல்லுகளை உஷார்படுத்த வெளிய விடற புரதம், எங்களுக்கு ஒரே வரிதான், 1957ல ஐசக்ஸும் லிண்டன்மேனும் லண்டன் மில் ஹில்ல கோழிமுட்டைக் கருச்சவ்வை வச்சு கண்டுபிடிச்சாங்க, எழுதிக்கோங்க, அடுத்த பாடம். செல்லுக்குள்ள இவ்ளோ நடக்குதுன்னு எம்புள்ள எழுதித்தான் எனக்குத் தெரியுது, அப்பாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன்.

வைரஸுக்கு புரதம் செய்யற ரைபோசோம் சொந்தமா கிடையாது, நம்ம அடுப்புலதான் அது சமைச்சாகணும். வைரஸ் பெருகறப்போ வர்ற ரெட்டை இழை ஆர்.என்.ஏ. ஒரு முப்பது கார இணை நீளத்துக்கு கண்ணுல பட்டாப் போதும், பி.கே.ஆர்.னு செல்லுக்குள்ள காவல் இருக்கற நொதி ரெண்டு அதுமேல பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒண்ணை ஒண்ணு உசுப்பிவிட்டு, புரதம் செய்யறதைத் தொடங்கிவைக்கிற இ.ஐ.எஃப்.2 ஆல்ஃபாவோட 51வது இடத்து செரின்ல ஒரு பாஸ்பேட்டை ஒட்டிருது, உடனே புதுப் புரதம் தொடங்கறது பெரும்பாலும் நின்னுபோகுது. வைரஸுக்கு மட்டுமில்ல, தனக்கும் சேர்த்துல்ல அடுப்பை அணைக்குது, அதான் எனக்கு மனசு கேட்கல. நல்லவேளை காட்34னு ஒரு புரதம் இருக்கு, எல்லாம் நின்னு கிடக்கற நேரத்துலயும் அது உருவாகி, பாஸ்பேட்டைப் பிடுங்கற நொதியைக் கூட்டிட்டு வந்து மறுபடி பத்த வைக்குது. ரொம்ப நேரம் அணைஞ்சே கிடந்தா செல் செத்துரும்னு நீயே எழுதியிருக்க. ராத்திரி முழிக்காத தம்பி, வேளைக்கு சாப்பிடு.

சிக்குன்குனியா பக்கத்துல நின்னுட்டேன். அந்த வைரஸ் புகுந்த மனுச செல்லுல இன்டர்ஃபெரானுக்கான எம்.ஆர்.என்.ஏ., அதான் சமையல் குறிப்பு மாதிரி, எல்லாம் உண்டாகுது, ஆனா புரதமா வரமாட்டேங்குது, பி.கே.ஆர். வேலை செய்யாட்டியும் உற்பத்தி நின்னுதான் போகுது, 2011லயே காட்டிட்டாங்கன்னு போட்டிருக்க. சொல்லவேண்டியது உள்ள எழுதியே கிடக்கு, வெளிய வரல. அந்த வரிய நாலு தடவ படிச்சேன்.

2006ல அதே காய்ச்சல்ல நம்ம தெருவே சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்துச்சே, நீ ஆறாங் கிளாஸ். காலாண்டு கணக்குப் பரீட்சை அன்னைக்கு சாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு கட்டில் ஓரத்துல உக்காந்திருந்த, கால் வலிக்குதும்மான்ன. நடிக்காதடான்னு நானே சாக்ஸை இழுத்து மாட்டிவிட்டேன். கணுக்கால் வீங்கி சூடா இருந்தது என் கையில தட்டுப்பட்டுச்சு, தட்டுப்பட்டும் மாட்டிவிட்டேன், டீச்சர் புள்ள பரீட்சைக்கு வரலன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு. மத்தியானம் பி.டி. சார் உன்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தார்.

அதுக்கப்புறம் நீ எங்கிட்ட வலிக்குதுன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல. காலேஜ் ரெண்டாவது வருஷம் நடந்ததுகூட அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எம்புள்ள எதையும் தாங்குவான்னு ஸ்டாஃப் ரூம்ல பெருமையடிச்சுட்டுத் திரிஞ்சேன், அந்த வாயை அடைச்சது நான்தான்னு இத்தனை வருஷமா தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். இதை நேர்ல சொல்ல தைரியம் வரல, அதான் எழுதறேன்.

சித்தி கொடுத்த பருப்புப்பொடி எடுத்து வச்சிருக்கேன், யாராவது அந்தப் பக்கம் வந்தா அனுப்பறேன். தலைக்கு எண்ணெய் வை. உனக்கு ரெண்டரைன்னா எனக்கு ஏழு, பால் காய்ச்சிட்டு அடுப்படியிலதான் இருப்பேன், போன் போடு. பேசக்கூட வேண்டாம், சும்மா லைன்ல இரு.

அம்மா