பொதுக் கிளையில் ரீபேஸ் வேண்டாம்: எங்கள் பொறியியல் தலைமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைக் குழுவினருக்கு,

வணக்கம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், சென்ற வெள்ளிக்கிழமை இரவு நம் வெளியீட்டுக் கிளைக்கு (வெளியீட்டுக்கான நிரலின் தனி வரிசைக்கு) நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதைப் பற்றிய அறிக்கையில் ‘சிறு தாமதம்’ என்று எழுதியிருப்பதைக் கண்ட பிறகே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

கமிட்டுகளின், அதாவது பதிந்துவைத்த மாற்றங்களின், வரலாறு நேர்கோடாக இருக்க வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து, ஐந்து பேர் வேலை செய்யும் அந்தப் பொதுக் கிளையை எங்களில் ஒருவர் ரீபேஸ் செய்து (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் புதிதாக எழுதி அடுக்கி), ஃபோர்ஸ் புஷ் கொடுத்தார் (சர்வரில் இருந்ததை மேலெழுதி ஏற்றினார்). அவரிடம் இருந்தது காலையில் எடுத்த நகல் என்பதால், மாலையில் வேறொரு தோழி ஏற்றியிருந்த மூன்று கமிட்டுகள் கிளையிலிருந்து காணாமல் போயின. அந்தத் தோழியோ ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தார். நள்ளிரவில், சாலையோர உணவகத்தில் பேருந்து நின்ற பத்து நிமிடத்தில், மடிக்கணினியைத் தேநீர் மேசையில் விரித்து, கைபேசி இணையத்தில் தம் நகலைப் புதுப் பெயரில் புஷ் செய்தார். புஷ் முடியுமுன் ஓட்டுநர் இருமுறை ஹார்ன் அடித்தது எனக்குத் தொலைபேசியில் கேட்டது. தோழி அதற்குள் புல் செய்திராதது (சர்வரில் உள்ளதை இறக்கித் தம் நகலுடன் சேர்த்திராதது) எங்கள் அதிர்ஷ்டம்.

தவறு ரீபேஸில் இல்லை. என் சொந்தக் கிளையில் நானும் அன்றாடம் செய்கிறேன். ஆனால் கமிட்டின் ஹாஷ் (அதன் அடையாள எண்) அதன் பெற்றோரையும், அதாவது முந்தைய கமிட்டையும், சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ரீபேஸில் இடம் மாற்றி அடுக்கப்படும் கமிட்டுகள் அனைத்தும் புது அடையாளம் பெறுகின்றன. பழையதை வைத்திருப்பவர் புல் செய்தால் ஒரே மாற்றம் இரண்டு முறை வந்து நிற்கிறது. 2005-இல் கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, பிறருடைய வரலாற்றை மாற்றி எழுதாதீர்கள் என்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பங்களிப்பாளர்களைக் கண்டித்திருக்கிறார். ஆகவே, பொதுக் கிளைகளில் ரீபேஸைத் தடைசெய்து, மெர்ஜ் (பழைய கமிட்டுகளை மாற்றாமல் கிளைகளை இணைத்தல்) மட்டுமே போதும் என்று அறிவிக்க வேண்டுகிறேன்.

கமிட் வரலாற்றின் வரைபடம் அழகாகத் தெரிய வேண்டுமென்றால், வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளையில் ஃபர்ஸ்ட் பேரண்ட் தெரிவு இருக்கிறது. மெர்ஜ்களின் பக்கக் கிளைகளை அது மறைத்துவிடும். சுற்றறிக்கை எழுதியவர் கடைசியாக எப்போது ஒரு கான்ஃபிளிக்டை (இருவர் மாற்றங்கள் மோதும் சிக்கலை) தீர்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை. வண்ணப் படங்களுக்காக விதி செய்யும் பழக்கம் இங்கே புதிதுமல்ல. வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க.

அடுத்த வெளியீட்டுக்கு முன், பொதுக் கிளைகளில் ஃபோர்ஸ் புஷ்ஷைச் சர்வரிலேயே மறுக்கும் அமைப்பை இயக்கிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெளியீட்டுக் குழுப் பொறியாளர் ஒருவர்