ஊற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

டெல்டா மாவட்டங்களில் கார் சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் சொந்த வண்டி வைத்து நவகிரகக் கோயில் சவாரி ஓட்டுகிறவன் எழுதுகிறேன். எந்த சென்டர் என்று பெயர் போடப் போவதில்லை. இந்தப் பக்கம் டாக்சி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அவர் பில்லிலும் அந்த வரி இருக்கிறது: இன்ஜெக்டர் கிளீனர், 1 பாட்டில், 450 ரூபாய். என்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய என்று சொல்லி டேங்கில் ஊற்றுகிற மருந்து அது.

என்னுடையது டீசல் வண்டி. இரண்டு மாதத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடிவிடும். இரண்டு வருடத்தில் 11 சர்வீஸ், 11 பாட்டில், 4,950 ரூபாய். ஊற்றட்டுமா என்று ஒருவர்கூட ஒரு தடவையும் கேட்டதில்லை. பில்லைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு ஆயில், எத்தனைக்கு ஃபில்டர் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள், அதில் இந்தப் பாட்டிலைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா, மகளோடு வந்திருந்தார். மகளுக்கு ராகு தோஷம், கல்யாணம் தள்ளிப்போகிறது. ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 மணி வரை, அதற்குள் திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்க்க வேண்டும். அதற்காகவே காலையிலிருந்து சுற்றை மாற்றிப்போட்டு, திருநள்ளாறை முடித்துக்கொண்டு திரும்பினோம். பேரளம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. குலுங்கியது, திணறியது, நின்றது. சர்வீஸ் விட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது, பாட்டிலும் ஊற்றியாகிவிட்டது!

மழை. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். உங்கள் சென்டருக்குப் போன் போட்டால் ஞாயிறு விடுமுறை. கதிர் அறுக்கிற மிஷினுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். வேறு எதையும் தொடவில்லை, டீசலில் கலந்த தண்ணீர் தேங்குகிற டீசல் ஃபில்டர் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தினார். டீ டம்ளரில் பிடித்தோம், பாதிக்கு மேல் தண்ணீர். "இத சர்வீஸ்ல வடிக்கலியாண்ணே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

திருநாகேஸ்வரம் போய்ச் சேரும்போது ஆறரை தாண்டிவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லப்பா, நீ என்ன பண்ணுவ" என்றார்.

பாட்டிலே மோசடி என்று சொல்ல வரவில்லை. கசடு சேர்ந்த இன்ஜெக்டரை நல்ல டிடர்ஜென்ட் உள்ள கிளீனர் ஓரளவு சுத்தம் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேர்ந்திருக்கிறதா என்று யார் பார்த்தீர்கள்? எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் பிரஷர் 1,600 பார் வரை, சில வண்டிகளில் அதற்கு மேலும் போகிறது. டயரில் நாம் வைக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். அந்த வேகத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளை வழியாகத் தண்ணீர் போனால் இன்ஜெக்டரும் பம்பும் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். தேய்ந்துபோன நாசிலை, அதாவது இன்ஜெக்டரின் துளை முனையை, எந்தப் பாட்டிலும் திருப்பித் தராது. என் தம்பி வைத்திருப்பது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டி. அதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, காற்று உள்ளே போகிற இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. அந்த வால்வில் கார்பன் இருக்கிறது என்று சொல்லி அவனுக்கும் டேங்கில் ஊற்றியிருக்கிறீர்கள். எப்படிப் போய்ச் சேரும், ஐயா? கொரியரிலா?

அதனால் கேட்பது ஒன்றுதான். ஊற்றுவதற்கு முன் கேளுங்கள். என்ன கோளாறுக்கு ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இது பாட்டிலோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஏசிக்கு ஒரு ஸ்ப்ரே, பாடிக்கு ஒரு கோட்டிங், என்ஜினுக்கு மேலே பளபளவென்று ஒரு பூச்சு. டிரைவர்கள் உட்காரும் இடத்தில் ஃபேன் ஓடாது, வண்டி எப்போது கிடைக்கும் என்றால் யாருக்கும் தெரியாது, ஆனால் என்ஜின் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கும். திருகைத் தளர்த்தித் தண்ணீர் வடிக்க ஐந்து நிமிடம். அதில் விற்க எதுவும் இல்லை, அதனால்தான் யாரும் செய்வதில்லை என்று எங்கள் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறோம்... மன்னிக்கவும், மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

உங்கள் பையன்களுக்கு மாதம் இத்தனை பாட்டில் என்று கணக்கு இருந்தால், அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஐப்பசி கார்த்திகையில் வருகிற டீசல் வண்டிக்கு ஃபில்டரில் தண்ணீர் பார்த்தோம் என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள், அதற்குக் கூலி போட்டால் சந்தோஷமாகத் தருகிறேன். கிளீனர் தேவை என்று தோன்றினால் என்னைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 3,000 கிலோமீட்டர் இருக்கிறது. உங்களிடம்தான் வருவேன், வாரன்டி அங்கேதானே கிடக்கிறது. மூடியைத் திறப்பதற்கு முன் போன் பண்ணுங்கள். சவாரியில் இருந்தாலும் ஓரங்கட்டி எடுக்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர்