‘சோதிக்கப்பட்டது’ ஸ்டிக்கரோடு வந்த லேப்டாப்: புகார்

அனுப்புநர்
உங்களிடம் பழைய லேப்டாப் வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீட்டு வைஃபையில் சேராத லேப்டாப், அழிக்கப்படாத பழைய தரவுகள் தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் உங்களிடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பற்றி எழுதுகிறேன். பழைய பொருள் என்று தெரிந்துதான் வாங்கினேன். மூடியில் கீறல், எழுத்து தேய்ந்த விசைகள், சீக்கிரம் தீர்ந்துபோகும் பேட்டரி எதுவும் புகாரில்லை. மூடிமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்தான் புகார். ‘வைஃபை உட்பட அனைத்தும் சோதிக்கப்பட்டது, பழைய தரவுகள் முழுமையாக அழிக்கப்பட்டன’ என்று அதில் இருக்கிறது. இரண்டுமே நடக்கவில்லை.

முதல் நாள் வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் வரிசையாகத் தெரிந்தன, என் வீட்டுடையது மட்டும் இல்லை. அதே மேசையில் கிடந்த போனில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். மறுநாள் வேறொருவர், அதே வைத்தியம். மூன்றாமவர் கேபிளைச் செருகிப் பார்க்கச் சொன்னார். கேபிளில் இணையம் வந்தது. “அப்போ லேப்டாப் சரியாத்தான் இருக்கு, ரூட்டருக்கு வயசாயிடுச்சு, மாத்திடுங்க” என்றார். பழைய லேப்டாப் விற்கும் இடத்திலிருந்து இந்த யோசனை வந்ததை ரசிக்கத்தான் செய்தேன். ஆனால் கேபிள் இணைப்பும் வைஃபை கார்டும் லேப்டாப்புக்குள் தனித்தனிப் பாகங்கள். ஒன்று வேலை செய்வதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

கடைசியில் நானே தேடினேன். வைஃபை கார்டின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) விவரத்தைப் பார்த்தால், அது புரிந்துகொள்ளும் வைஃபை வகைகளாக 802.11 பி, ஜி, என் என்று மூன்றுதான் இருந்தன. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஏ, ஏசி இரண்டும் இல்லை. அதாவது இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை (பேண்ட்) மட்டும்தான் தெரியும். என் ரூட்டரிலோ 2.4-ஐ நிறுத்திவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் பயன்படுத்தி வந்தேன். காதே இல்லாதவரிடம் எத்தனை முறை கூப்பிட்டு என்ன பயன்? இதில் என் பங்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘5 கிகாஹெர்ட்ஸ் வராது’ என்று விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். அழைத்த மூன்று முறையில் ஒருவராவது “எந்த பேண்டில் வைத்திருக்கிறீர்கள்” என்று கேட்டிருக்கலாம்.

சரி, 2.4-ஐ மறுபடி இயக்கினேன். பெயர் தெரிந்தது, பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று நின்றுவிட்டது. வைஃபை கார்டின் அமைப்புகளில் யாரோ ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணை) கையால் நிரந்தரமாகப் பதித்து வைத்திருந்தார்கள். 10 என்று தொடங்கும் எண். என் ரூட்டர் தருவதோ 192.168 என்று தொடங்கும் முகவரிகள். அதைத் ‘தானாகப் பெறு’ என்று மாற்றியதும் இணையம் வந்தது.

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. விண்டோஸைத் துடைத்துப் புதிதாக நிறுவியிருந்தால் அந்த எண் அங்கே இருந்திருக்காது. அப்புறம் சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறந்தேன். ஏதோ அலுவலகத்தின் வைஃபை, யாருடைய வீட்டுடையதோ ஒன்று என 14 பெயர்கள். இப்படிச் சேமித்தவற்றின் பாஸ்வேர்டையும் நிர்வாகி உரிமை உள்ளவர் எடுத்துப் பார்த்துவிட முடியும். நான் பார்க்காமல் அழித்துவிட்டேன். நான் அழித்தேன் என்பதற்காக, உங்களிடம் வாங்கும் எல்லாரும் அழிப்பார்களா? நீங்கள் செய்தது, பழைய கணக்கை நீக்கிப் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தது மட்டும்தான் என்று நினைக்கிறேன். என்னுடைய பழைய லேப்டாப்பையும் உங்களிடமே கொடுக்கலாம் என்றிருந்தேன். இனி இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்தால்கூட சிக்னல் இரண்டு கோடுதான், ஒரு சுவர் தாண்டினால் இணைப்பே அறுந்துவிடுகிறது. அதே இடத்தில் நண்பரின் யுஎஸ்பி வைஃபை அடாப்டரை இதே லேப்டாப்பில் செருகினால், அதே 2.4-இல் முழு சிக்னல். எனவே ரூட்டரை விட்டுவிடுங்கள். வைஃபை கார்டிலிருந்து திரையின் ஓரம் வரை போகும் மெல்லிய ஆன்டெனா வயர்களில் ஒன்று கழன்றிருக்கலாம் என்பது என் சந்தேகம். திறந்து பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று அடியில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். அதனால் கைவைக்கவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: உங்கள் செலவில் லேப்டாப்பை எடுத்துச் சென்று ஆன்டெனா இணைப்பைச் சரிபார்த்து, இரண்டு பேண்டிலும் வேலை செய்யும் கார்டைப் பொருத்தித் தாருங்கள். முடியாதென்றால் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுங்கள். விற்கும் முன் பழைய தரவுகளை எப்படி அழிக்கிறீர்கள், என்னுடையதில் அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், மறுபடி ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் புகாராகப் பதிவு செய்வேன். டிரைவர் விவரம், ஐபி அமைப்பு, இரண்டு ஸ்டிக்கர்கள் ஆகியவற்றின் படங்களும் உதவி எண்ணை அழைத்த தேதிகளும் இத்துடன் உள்ளன. நெட்வொர்க் பெயர்கள் இருந்த பட்டியலைப் படம் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்