வைத்த இடத்தில் நிற்கும் சுவிட்ச் வேண்டும்

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. போன மார்கழியில் மூட்டுவலிக்காக ஒரே ஒரு வீடியோ பார்த்தார். அன்றிலிருந்து அவர் போனில் மூலிகை எண்ணெய்தான். ‘மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்’ என்று ஒருவர், அப்புறம் சர்க்கரைக்கும் அதே எண்ணெய் என்று இன்னொருவர். “ஊரே இதைத்தான் பேசுது, உனக்குத் தெரியலையா?” என்கிறார். அவருக்குப் போனும் டிவி மாதிரிதான். தனக்கு வருவதுதான் எல்லோருக்கும் வரும். என் போனைத் திறந்து காட்டினேன். கிரிக்கெட், பழைய கார். இரண்டு திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “அப்போ எனக்கு மட்டும் இதை யார் அனுப்புறா?” என்றார்.

அனுப்புவது ஆளில்லை. முன்பு பார்த்ததை வைத்துச் செயலியே பரிந்துரைக்கிறது. இதற்கு யாரிடம் பதில் கேட்பது? உங்கள் 2021 விதிகளின்படி 50 லட்சம் பயனர்களைத் தாண்டிய சமூக ஊடகங்கள் இந்தியாவிலேயே ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். சரி, ஆனால் ‘இது ஏன் எனக்கு வந்தது’ என்பதை அவரிடம் என்ன புகார் என்று எழுதுவது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில், எதை வைத்துப் பரிந்துரைக்கிறோம் என்று தளங்கள் எளிய மொழியில் சொல்லியாக வேண்டும். மாதம் 4.5 கோடிப் பேர் வந்துபோகும் பெரிய தளங்கள், நம் பழக்கவழக்கங்களைத் துருவாத ஒரு பதிவு வரிசையையாவது கூடவே தர வேண்டும். சீனாவில்கூட 2022 மார்ச் முதல் பரிந்துரையை அணைக்கும் வசதி கட்டாயம். சீனாவிலேயே!

சுவிட்ச் மட்டும் இருந்தால் போதாது. அம்மாவின் செயலியில் மூன்று மெனு தாண்டித் தேடி, அவர் பின்தொடரும் ஆட்களின் பதிவு மட்டும் வரும்படி மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை திறந்தால் மறுபடி எண்ணெய். இதே மாதிரி ஒரு வழக்கில்தான் 2025 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், பயனர் தேர்ந்தெடுத்ததை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவுக்கு உத்தரவிட்டது.

நிரலைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. காட்டினாலும் எனக்குப் புரியாது. வீடியோவைத் தொட்டால் ‘நீங்கள் மூட்டுவலி பற்றிப் பார்த்ததால்’ என்று தமிழில் ஒரு வரி. அணைக்கும் சுவிட்ச் முதல் திரையிலேயே. அணைத்தால் அணைந்தே இருக்க வேண்டும். இவ்வளவையும் விதியாக்குங்கள்.

அம்மா எண்ணெய் வாங்கிவிட்டார். மாத்திரையை நிறுத்தவில்லை என்கிறார். நான் இரவில் அட்டையை எடுத்து எண்ணிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பயனர்